பிரசவத்துக்குச் சேரும் முன்: ஆஸ்பத்திரி விதிகளில் எது சட்டம், எது மருத்துவம், எது வெறும் வழக்கம்

"இங்க ரூல்ஸ் அப்படித்தான்." லேபர் வார்டு வாசலில் நடக்கும் வாக்குவாதங்கள் பெரும்பாலும் இந்த வார்த்தையில்தான் தொடங்கும். அந்த 'ரூல்ஸ்' மூன்று வகை என்று தெரிந்துவிட்டால், எதற்கு வாதாடலாம், எதற்கு வாதாடி நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் வகை சட்டம். ஸ்கேனில் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லாதது, நஞ்சுக்கொடியை வீட்டுக்குக் கொடுக்காதது, பிறப்பைப் பதிவு செய்வது எல்லாம் இதில் வரும். டாக்டரே நினைத்தாலும் இவற்றைத் தளர்த்த முடியாது. இரண்டாம் வகை மருத்துவ நெறி: சிசேரியனுக்கு முன் பட்டினி, பிரசவத்துக்குப் பின் 48 மணி நேரம் தங்குவது போன்றவை. காரணம் கேட்கலாம், சொல்வார்கள். மூன்றாம் வகை அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். 'துணைக்கு யாரும் கூடாது', 'வலி வந்ததிலிருந்து தண்ணீர்கூடக் கூடாது', எல்லாருக்கும் எனிமா, எல்லாருக்கும் சவரம் என்பவை பல இடங்களில் இந்த வகைதான். சிக்கல் இல்லாத பிரசவத்தில் எனிமாவும் சவரமும் வழக்கமாகத் தேவையில்லை என்றும், வலியின்போது லேசான உணவும் நீரும் கொடுக்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. இந்த மூன்றாம் வகையில்தான் பேச இடம் உண்டு. ஆனால் அதை எட்டாம் மாதத்தில் புறநோயாளர் அறையில் உட்கார்ந்து பேச வேண்டும். வலி எடுத்த பிறகு ராத்திரி ரெண்டு மணிக்கு நைட் டூட்டி சிஸ்டரிடம் பேசுவதற்கான விஷயம் அல்ல அது.

கீழே உள்ளவை தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை.

முதல் வேலை: பிக்மி எண்

பிக்மி என்பது கர்ப்பிணிகளுக்கான தமிழ்நாடு அரசின் பதிவு. கர்ப்பம் உறுதியான உடனே, முடிந்தவரை 12 வாரத்துக்குள், அதை முடியுங்கள். கிராமத்தில் கிராம சுகாதார செவிலியர், நகரத்தில் நகர்ப்புற சுகாதார செவிலியர் பதிவு செய்வார். இணையத்தில் நீங்களே முன்பதிவு செய்யவும் வழி உண்டு. 102-க்கு அழைத்தும் கேட்கலாம். கிடைப்பது 12 இலக்க எண். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பவர்கள் 'நமக்கு எதற்கு அரசாங்கப் பதிவு' என்று விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண் தேவை. எங்கே பிரசவம் என்பது பொருட்டல்ல.

அதிகம் சிக்கல் வருவது தலைப்பிரசவத்தில். பதிவு புகுந்த வீட்டு ஊரில் நடந்திருக்கும். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வந்திருப்பாள். இந்த ஊர் செவிலியருக்கு அவளைத் தெரியாது, அந்த ஊர் செவிலியருக்கு அவள் எங்கே போனாள் என்று தெரியாது. கிளம்பும் முன் பழைய செவிலியரிடம் சொல்லுங்கள். வந்து சேர்ந்த வாரத்திலேயே புதிய ஊர் செவிலியரிடம் அட்டையையும் எண்ணையும் காட்டுங்கள். இரண்டு பேருடைய கைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் பணமாக 14,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகமாக 4,000 ரூபாய் என 18,000 ரூபாய்க்குத் தகுதி உள்ளவர்களுக்கு, தவணை நின்றுபோக இந்தத் தொடர்பு அறுந்ததே காரணமாகிவிடும். இன்னொரு காரணம் வங்கிக் கணக்கு. கணக்கு பெண்ணின் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆதாரில் 'எஸ். கவிதா', பாஸ்புக்கில் 'கவிதா ரமேஷ்' என்று இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். அதே பெயர்க்குழப்பம் பிறப்புச் சான்றிதழ் வரை தொடரும்.

எட்டாம் மாதம்: கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

அரசு ஆஸ்பத்திரி என்றால் கேள்விகள் குறைவு. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்ப வண்டி எல்லாம் இலவசம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: சிக்கல் வந்தால் இங்கேயே சிசேரியன் செய்வீர்களா, அல்லது எங்கே அனுப்புவீர்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சீமாங் மையம் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்பதை முன்பே தெரிந்துவைத்திருங்கள். ரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை, கடும் ரத்தசோகை இருந்தால் நேராக அந்த மையத்திலேயே பதிவு செய்துகொள்வது நல்லது. ராத்திரியில் ஓரிடத்தில் சேர்ந்து, அங்கிருந்து வேறோரிடத்துக்கு மாற்றப்படும் அலைச்சல் மிச்சம்.

தனியாரில் 'பேக்கேஜ் 60,000' என்று ஒரு எண் சொல்வார்கள். அந்த எண்ணுக்குள் எது இல்லை என்பதுதான் கேள்வி. குழந்தை டாக்டர் கட்டணம், மயக்க மருந்து டாக்டர் கட்டணம், எபிடியூரல் (பிரசவ வலி குறைக்க முதுகில் போடும் ஊசி), சுகப்பிரசவம் சிசேரியனாக மாறினால் கூடும் தொகை, கூடுதல் நாளுக்கு அறை வாடகை, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் நாள் வாடகை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். அந்தப் பிரிவு அங்கேயே இருக்கிறதா, குழந்தையை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களா என்பதும் முக்கியம். தாய் ஒரு கட்டிடத்தில், பிள்ளை இன்னொரு கட்டிடத்தில் என்றால் இரண்டு பேர் துணைக்கு வேண்டும், செலவும் இரண்டாகும்.

மருத்துவக் காப்பீடு இருந்தால், பிரசவத்துக்கான காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா, பிறந்த குழந்தை முதல் நாளிலிருந்தே சேருமா, குழந்தையைச் சேர்க்க எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியைப் பாருங்கள். பாலிசி அனுமதிக்கும் வாடகையைவிட உயர்ந்த அறை எடுத்தால், சில பாலிசிகளில் அறை வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் வரை அதே விகிதத்தில் வெட்டப்படும். 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தபடி, ரொக்கமில்லா சிகிச்சைக்கான முன் அனுமதியை 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்திலும் நிறுவனம் கொடுக்க வேண்டும். தாமதமானால் அதனால் கூடும் செலவு நிறுவனத்தைச் சேர்ந்தது.

நல்ல நேரம் பார்த்து சிசேரியன் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரம் முடிவதற்குள் அறுவை செய்ய மறுக்கும் டாக்டர் சரியாகத்தான் சொல்கிறார். 37 வாரத்தில் எடுத்த குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுதல். ஜாதகத்துக்காக எடுத்த பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க நேரலாம். 39 வாரத்துக்குப் பின் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கக் கேட்பது வேறு விஷயம்.

கிளம்புவது எப்போது, எதோடு

தலைப்பிரசவத்தில் வலி 5 நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். அதற்கு முன் வந்து விட்டுவிட்டு நிற்பது பெரும்பாலும் சூட்டு வலி. கர்ப்பப்பை வாய் போதுமான அளவு திறக்காத நிலையில் 'வீட்டுக்குப் போய் வாங்க' என்று திருப்பி அனுப்புவது அலட்சியம் அல்ல. சீக்கிரம் சேர்த்துவிட்டால் தேவையில்லாத ஊசியும் தலையீடும் கூடும். வீடு தொலைவில் என்றால் அதைச் சொல்லி அங்கேயே காத்திருக்க இடம் கேளுங்கள்.

பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே 108.

பையில் துணிமணியைவிடக் காகிதம் முக்கியம். தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன் அறிக்கைகள், ரத்தப் பிரிவு, எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி பரிசோதனை முடிவுகள், கணவன் மனைவி இருவரின் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பரிசோதனை முடிவுகள் இல்லாமல் போனால் அவசரமாகத் திரும்ப எடுப்பார்கள். அதுவரை 'முடிவு தெரியாதவர்' என்றே நடத்துவார்கள்.

அடுத்து நகை. வளைகாப்புக்கு அடுக்கிய கண்ணாடி வளையலைப் பிரசவம் வரை கழற்றக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஊசி போடும் கையில் உடைந்தால் ஆபத்து என்று சிஸ்டர் கழற்றச் சொல்வார். சிசேரியன் என்றால் உலோகம் எதுவும் உடம்பில் கூடாது: ரத்தக்கசிவை நிறுத்தும் மின்கருவியால் சூடு பட வாய்ப்புண்டு. கண்ணாடி வளையலைச் சுகப்பிரசவத்தில் ஊசி போடாத கையில் சில இடங்களில் விட்டுவைப்பார்கள். தாலிக்கு, பொன்னை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிறு மட்டும் அணிந்து வருவது எல்லாருக்கும் ஒத்துவரும் வழி. இதை வாசலில் வைத்து அழுகையோடு முடிவு செய்வதைவிட, ஒன்பதாம் மாதத்தில் மாமியாரிடமும் அம்மாவிடமும் பேசி முடித்துவிடுங்கள். நகப்பூச்சையும் முந்தின வாரமே அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அதனால் தவறான அளவு காட்டலாம்.

உள்ளே யார் இருக்கலாம்

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. ஆகவே 'துணையே கூடாது' என்று சொன்னால், அது அரசின் கொள்கை அல்ல. ஆனால் துணைக்கு விதிகள் உண்டு: பெண்ணாக இருக்க வேண்டும், பெரும்பாலும் தானும் பிள்ளை பெற்றவராக இருப்பதை விரும்புவார்கள், தொற்று நோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை, இடையில் ஆள் மாற்றக் கூடாது, பக்கத்துக் கட்டிலைப் பார்க்கவோ பேசவோ கூடாது. கணவருக்கு அனுமதி கிடைக்குமா என்பது அறையைப் பொறுத்தது. ஒரே கூடத்தில் திரை மட்டும் இருக்கும் இடத்தில் மற்ற பெண்களின் மறைவு காரணமாக மறுப்பார்கள், அது நியாயமான மறுப்பு. தனி அறைப் பிரசவம் உள்ள தனியாரில் மறுத்தால் காரணம் கேட்கலாம்.

யாரைத் துணைக்கு அனுப்புவது என்று யோசித்து முடிவு செய்யுங்கள். வயதில் மூத்தவர் என்பதற்காக, ரத்தத்தைப் பார்த்தால் மயங்கும் பெரியம்மாவை அனுப்பினால் சிஸ்டருக்கு இரண்டு நோயாளி. 'வயிற்றை அழுத்தித் தள்ளுங்க' என்று யாராவது சொன்னால் தடுக்கத் தெரிந்தவராகவும் இருக்கட்டும். அப்படி மேலிருந்து அழுத்துவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

கையெழுத்து

சுயநினைவோடு இருக்கும், 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம்தான் சட்டப்படி சம்மதம். கணவர் கையெழுத்து, அப்பா கையெழுத்து என்று கேட்பது ஆஸ்பத்திரி தன் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் வழக்கம். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவள் தாய் கொடுத்த சம்மதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் டாக்டர் செயல்படலாம் என்பதும் சட்டமே. கணவர் வெளியூரில் இருப்பதால் அறுவை தாமதமாகிறது என்ற நிலை வரவே கூடாது. வந்தால், 'நானே கையெழுத்துப் போடுகிறேன்' என்று அந்தப் பெண் சொல்லலாம்.

கையெழுத்துப் போடும்போது மூன்றைக் கவனியுங்கள். வெற்றுப் படிவமாக இருக்கக் கூடாது. படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும், அல்லது யாராவது படித்துச் சொல்ல வேண்டும். எந்தச் சிகிச்சைக்கு என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். முக்கியமாகக் குடும்பக் கட்டுப்பாடு: நஞ்சுக்கொடி வந்தவுடன் காப்பர்-டி வைப்பதற்கும், கருத்தடை அறுவைக்கும் தனிச் சம்மதம் தேவை. சிசேரியன் படிவத்துக்குள் அது ஒளிந்து வரக் கூடாது. கருத்தடைக்குக் கணவரின் கையெழுத்து கட்டாயம் அல்ல. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், கேஸ் ஷீட்டில் எட்டாம் மாதத்திலேயே எழுதச் சொல்லிவிடுங்கள். வலியில் இருப்பவளிடம் 'வெச்சிடட்டுமா' என்று கேட்டு வாங்கும் தலையாட்டல் சம்மதமாகாது.

முதல் ஒரு மணி நேரம்

குழந்தை வெளியே வந்ததும் அதைத் தூக்கித் தாயிடம் காட்டி, 'என்ன குழந்தைன்னு நீங்களே சொல்லுங்க' என்பார்கள். குழந்தை மாறிவிட்டது என்ற புகார் பின்னால் வராமல் இருக்கத்தான் இது. தாய் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடனே தாய் கையிலும் குழந்தை கையிலோ காலிலோ ஒரே எண் கொண்ட அடையாளப் பட்டை கட்டுவார்கள். பட்டையில் குழந்தைக்குப் பெயர் இருக்காது. தாயின் பெயரோடு 'குழந்தை' என்றிருக்கும். இரண்டு எண்ணும் ஒன்றா என்று துணைக்கு இருப்பவர் படித்துப் பார்க்கட்டும். டிஸ்சார்ஜ் வரை அதை அறுக்கக் கூடாது. சீருடை போட்டவராகவே இருந்தாலும், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்காமல் குழந்தையைக் கொடுக்காதீர்கள்; வீட்டார் ஒருவர் கூடவே போகலாம்.

அடுத்த சண்டை சேனை. தாத்தாவோ அத்தையோ சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாக்கில் தொட்டு வைக்கக் காத்திருப்பார், ஆஸ்பத்திரி தடுக்கும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்பைப் பாதிக்கும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் குழந்தை சீம்பாலைச் சரியாகக் குடிக்காது. முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால், சிசேரியன் என்றாலும் அப்படியே. தாயின் பாலைத் துளி எடுத்துப் பெரியவர் கையால் வைக்க விடுவது பல வீடுகளில் சமாதானத்துக்கு வழி செய்திருக்கிறது.

தொடையில் 1 மில்லிகிராம் வைட்டமின் கே, பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள்காமாலை பி ஊசி ஆகியவை போடப்பட்டனவா என்று அட்டையில் பாருங்கள். பிறந்த நேரத்தையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டிலும் டிஸ்சார்ஜ் குறிப்பிலும் அது இருக்கும். பிறப்புச் சான்றிதழில் நேரம் இருக்காது. ஜாதகம் எழுதும் நாளில் பலர் இதைக் கண்டுபிடித்துத் தவிப்பார்கள். தொப்புள்கொடித் தாயத்துக்காக நஞ்சுக்கொடியைக் கேட்க வேண்டியதில்லை. காய்ந்து விழும் துண்டு ஒன்றிரண்டு வாரத்தில் வீட்டிலேயே கிடைக்கும். அதுவரை அதில் எதையும் பூசாதீர்கள்.

டிஸ்சார்ஜ்

சுகப்பிரசவத்துக்கு 48 மணி நேரம் என்பதில் பேரம் பேசாதீர்கள். உயிரைப் பறிக்கும் ரத்தப்போக்கு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். குழந்தையின் மஞ்சள்காமாலை இரண்டாம் மூன்றாம் நாளில்தான் ஏறத் தொடங்கும். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்றால், முந்தின நாளே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். கூடுதலாக ஒரு நாள் இருக்கவே விடுவார்கள். 'சொந்தப் பொறுப்பில் போகிறோம்' என்று எழுதிக் கொடுத்துப் போவது வேறு கதை. காப்பீட்டுத் தொகையும் அதனால் சிக்கலாகலாம்.

கையில் வாங்காமல் கிளம்பக் கூடாதவை: தாய்க்கு ஒரு டிஸ்சார்ஜ் குறிப்பு, குழந்தைக்குத் தனியாக ஒன்று, அதில் எடை, ரத்தப் பிரிவு, போட்ட ஊசிகள், கேட்கும் திறன் மற்றும் தைராய்டு பரிசோதனை முடிவுகள், ஆறாம் வாரத் தடுப்பூசித் தேதி. தாயின் ரத்தம் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள். விட்டுப்போனால் பாதிப்பு அடுத்த கர்ப்பத்தில்தான் தெரியும். கேஸ் ஷீட் நகல் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி.

ஆண் பிள்ளைக்கு இவ்வளவு, பெண் பிள்ளைக்கு இவ்வளவு என்று கை நீட்டினால், அது எந்த வகை விதியும் அல்ல. அரசு ஆஸ்பத்திரியில் நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள், அல்லது 104-க்கு அழையுங்கள். தனியார் பற்றிய புகார் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் போகும்.

பிறப்புப் பதிவு

ஆஸ்பத்திரியில் பிறந்தால் பதிவாளருக்குத் தகவல் கொடுப்பது ஆஸ்பத்திரியின் கடமை. 21 நாளுக்குள் இது நடக்க வேண்டும். பதிவு நடப்பது குழந்தை பிறந்த ஊரில்தான். பெண்ணின் தாய்வீடு மதுரை, கணவர் வீடு கோவை, பிரசவம் மதுரை என்றால் சான்றிதழ் மதுரையில்தான்.

பிழைகள் நுழையும் இடம் ஆஸ்பத்திரி படிவம். அதைப் பெரும்பாலும் அவசரத்தில், வார்டில் இருக்கும் பாட்டியிடம் வாய்மொழியாகக் கேட்டு நிரப்புவார்கள். பாட்டி 'செந்தில்' என்பார்; ஆதாரில் 'செந்தில்குமார் ப.' என்றிருக்கும். ஆகவே சேர்க்கும்போதே ஒரு தாளில் இவற்றைப் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள்: ஆதாரில் உள்ளபடி தாய் பெயர், தந்தை பெயர், தலைப்பெழுத்து எந்தப் பக்கம், நிரந்தர முகவரி, பிக்மி எண். அனுப்பும் முன் படிவத்தை ஒரு முறை காட்டச் சொல்லிப் படியுங்கள். பதிவான பிறகு திருத்த, ஆதாரங்களோடு பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் குறிப்புத்தான் எழுதுவார்கள்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அதனால் பெயர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பின் 15 ஆண்டு வரை கட்டணத்தோடு. வீட்டில் கூப்பிடும் பெயரை ஆஸ்பத்திரி படிவத்தில் எழுதிவிட்டு, பெயர் சூட்டும் நாளில் எண்கணிதம் பார்த்து ஒரு எழுத்தைக் கூட்டுபவர்கள்தான் திருத்தப் படிவத்தோடு அலைகிறார்கள். அது முடிவாகும் வரை பெயர் இடத்தைக் காலியாக விடுங்கள்.